யூரியா குறைந்த நாட்கள்

12 நவம்பர் 2024, செவ்வாய்

மூன்றாம் கோழி ஷெட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகி, கூண்டுக்குக் கீழே கிடக்கிற எரு நனைந்துவிட்டது. காலையில் உள்ளே கால் வைத்ததுமே கண் எரிந்தது. குணசீலனிடம் சொன்னால் ஆளை வரச் சொல்லியிருக்கிறேன் என்கிறான். அந்த ஆள் போன வாரத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறார். என் மகனுக்குப் பொறுமை ஜாஸ்தி, கோழிக்கு அவ்வளவு இல்லை.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் பகலெல்லாம் தூக்கம். இரவில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறார், விடிந்ததும் குறட்டை. காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இஸ்திரி மடிப்புக் கலைந்தால் ஊரைக் கூட்டுகிற ஆள்! “ஏனுங்க, பொத்தான் மாறிப் போட்டிருக்கீங்க” என்றேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

திட்டவில்லை. சிரித்தார். அதை எழுதி வைக்கத்தான் டைரியை எடுத்தேன்.

13 நவம்பர், புதன்

சர்க்கரைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. எங்கள் வீட்டில் எந்த ரிப்போர்ட் வந்தாலும் எல்லாரும் முதலில் தேடுவது யூரியாவைத்தான். மருமகள் யுவஸ்ரீயின் அப்பா கிட்னி கெட்டு, டயாலிசிஸ் செய்து செய்தே போய்ச் சேர்ந்தார். கடைசி ரிப்போர்ட்டில் அவருக்கு நூற்று எண்பது. அன்றிலிருந்து இந்த வீட்டில் யூரியா என்றால் வயலுக்குப் போடுகிற உரம் இல்லை, எமனுக்கு இன்னொரு பெயர்.

இவருக்கு ஒன்பது. பக்கத்தில் ‘குறைவு’ என்று குறி வேறு.

பண்ணைக்காரிக்கு எண்ணில் இரண்டு சாதிதான். முட்டை எண்ணிக்கை ஏறினால் நல்லது. செத்த கோழி எண்ணிக்கை இறங்கினால் நல்லது. யூரியா செத்த கோழிப் பக்கம். அதனால் ஒன்பது என்றதும் யுவஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமாவுக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை” என்று கண் கலங்கினாள். பாவம், அவள் அப்பாவை நினைத்திருப்பாள். கேசரி செய்தோம். இவருக்குச் சர்க்கரை இருப்பதால் நாங்கள் தின்றோம்.

19 நவம்பர், செவ்வாய்

இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து “சௌந்திரம்” என்று சத்தமாக. யுவஸ்ரீ கையில் இருந்த கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது, மாமனார் வாயிலிருந்து அந்தப் பெயரை இப்போதுதான் கேட்கிறாள். நான் ‘இந்தா’. அதிகம் போனால் ‘இந்தா, பாரு’. எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பெண்டாட்டி பெயர் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் போல. நானும்தான் அவர் பெயரைச் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் கேட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். அப்புசாமி. எழுத மட்டும் வருகிறது.

போய் நின்றேன். “லோடு ஏத்தியாச்சு. பொடவைய மாத்திக்கிட்டு வா, போலாம்” என்றார். எங்கே என்று கேட்டேன். பாலக்காடு!

பாலக்காட்டுக்கு நாங்கள் போனது எண்பத்து நாலில். கல்யாணமாகி ஆறேழு மாதம். அப்போது பண்ணை இல்லை, சொந்தமாக ஒரே ஒரு லாரி. நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கேரளாவுக்கு ஓட்டுவார். என் மாமியார் தலையில் அடித்துக்கொள்ள, என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திருச்செங்கோடு தாண்டியதும் பேச ஆரம்பித்தவர் வாளையார் செக்போஸ்ட் வரைக்கும் நிறுத்தவில்லை. எந்த ஊர்க் கடையில் டீ நன்றாக இருக்கும், எந்த வளைவில் பேய் நிற்கும், எந்தப் போலீஸ்காரருக்கு எத்தனை முட்டை. நான் சிரித்தால், “பைய சிரி அம்மணி, பொறத்தால இருக்கற முட்டையெல்லாம் ஒடஞ்சிரும்” என்பார். அதற்கும் சிரிப்பேன். வாளையாரில் வரிசை நகரவே இல்லை. நகரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் நினைவிருக்கிறது.

அப்புறம் பண்ணை வைத்தோம். பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. தீவன விலை ஏறிய வருஷமா, பறவைக் காய்ச்சல் வந்த வருஷமா? ஒரு நாளில் நின்றிருக்காது. டேங்கில் தண்ணீர் குறைகிற மாதிரி, குழாயைத் திறக்கும்போதுதான் தெரிந்தது.

24 நவம்பர், ஞாயிறு

எடப்பாடியிலிருந்து இவருடைய அக்கா வள்ளியாத்தாள் வந்திருந்தார். தம்பியும் அக்காவும் உட்கார்ந்து பேசிய பேச்சு! கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடத்து வாத்தியார், செத்துப்போன சித்தப்பா. செத்துப்போன சித்தப்பாவுக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார் இவர். விளையாட்டு என்று நினைத்து எல்லாரும் சிரித்தோம்.

அடுப்படிக்கு வந்து அண்ணியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கையி எப்படி ஆடுது பாத்தியா? தண்ணி கிண்ணி போடறானா சாமி?” ஆமாம், டம்ளரை வாங்கும்போது கை அடித்துக்கொண்டது, நானும் பார்த்தேன். ஆனால் இவர் வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. லாரிக்காரர் என்பதால் பெண் கொடுக்கும்போதே என் அப்பா மூன்று இடத்தில் விசாரித்தவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன்.

வயசானால் பழசு திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கலாம். திரும்பட்டுமே. யாருக்கு நஷ்டம்?

28 நவம்பர், வியாழன்

கூடத்து மூலையில் நின்று சிறுநீர் கழித்துவிட்டார். பேத்தி பார்த்துவிட்டாள்.

நான்தான் துடைத்தேன். யாரையும் கிட்டே விடவில்லை. குணசீலன் போனை எடுத்துச் சேலத்தில் டாக்டரிடம் நேரம் வாங்கினான். அந்த மனுஷன் எதுவும் நடக்காத மாதிரி, “என்ன சௌந்திரம், மழையா?” என்கிறார்.

2 டிசம்பர், திங்கள்

விடாத மழை. சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் கார் இரண்டு இடத்தில் நீந்தியது. டாக்டரம்மா பெயர் மஞ்சுளா. சின்ன வயதுதான், ஆனால் அவசரம் இல்லை. முதலில் இவரிடம் பேச்சுக் கொடுத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, லாரியை நிறுத்தச் சொல்கிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு தானாக விழுவதும் எழுவதுமாக அடித்துக்கொண்டது. அப்புறம் வயிற்றுக்கு ஸ்கேன், ரத்தத்துக்கு இன்னொரு பரிசோதனை.

கல்லீரல் சுருங்கிவிட்டதாம். குடிக்காதவர்களுக்கும் வருமாம், சர்க்கரையும் கொழுப்பும் இருபது வருஷமாகச் சேர்ந்து செய்த வேலை. அதை வள்ளியாத்தாள் அண்ணியாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்றிருந்தது.

நான் பெருமையாகப் பழைய ரிப்போர்ட்டை நீட்டினேன். யூரியா ஒன்பதுதானுங்க என்றேன். டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அது கொறஞ்சதுதாம்மா கோளாறே” என்றார்.

பொறுமையாகச் சொன்னார். புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். பருப்போ முட்டையோ கறியோ, நாம் தின்கிற புரதம் உடம்பில் செலவாகும்போது அம்மோனியா மிஞ்சுகிறது. குடலில் இருக்கிற கிருமிகளும் அதை உண்டாக்குகின்றன. அது விஷம். ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போனால், கல்லீரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடும். யூரியா அவ்வளவு கெடுதல் செய்யாது. தண்ணீரில் கரைந்து, கிட்னி வடிகட்ட, சிறுநீரில் போய்விடும். சம்பந்தி வீட்டில் நடந்தது கடைசிக் கட்டத்தில் கோளாறு, யூரியா உண்டானது, ஆனால் வெளியே போகவில்லை. இங்கே முதல் கட்டத்திலேயே கோளாறு. யூரியாவாக மாற்ற ஆள் இல்லாமல் அம்மோனியா அப்படியே சுற்றி மூளைக்கு ஏறுகிறது. பகல் தூக்கம், கை அடிப்பது, இடம் தெரியாமல் சிறுநீர் கழித்தது எல்லாம் அதுதான்.

அம்மோனியா என்றதும் எனக்கு மூன்றாம் ஷெட் ஞாபகம் வந்தது. எரு நனைந்தால் எழும்புகிற அந்தக் காரவாடை. கோழி கண்ணை மூடிக்கொண்டு, தீவனம் முன்னால் இருப்பது தெரியாமல் நிற்கும். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோழியைப் பற்றித் தெரியாது, ஆனால் வாடை அதேதான் என்றார். வயலுக்குப் போடுகிற யூரியாவும் இதுவும் ஒன்றா என்று குணசீலன் கேட்டான். ஒன்றேதானாம்.

கிளம்பும்போது, யாருக்கும் கேட்காமல், நான் மட்டும் திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். பழசெல்லாம் பேசுகிறாரே, பாலக்காடு, என் பெயர், அதுவுமா? ஆமாம்மா, அதுவும்தான் என்றார்.

காரில் அழுதேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

3 டிசம்பர், செவ்வாய்

மருந்து ஒரு சிரப். பாகு மாதிரி இனிப்பு, சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு தடவை போன் செய்து கேட்டுக்கொண்டேன். கொடுக்கலாம், அது ரத்தத்தில் சேராதாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு மூன்று தடவை வயிறு போக வேண்டும், அதோடு அம்மோனியாவும் போகும். போகாவிட்டால் ஏறும். முட்டையை நிறுத்திவிடட்டுமா என்றேன். நிறுத்தினால் உடம்பு கரைந்துவிடும், அளவாகக் கொடுங்கள், பருப்பு தயிர் கொடுங்கள் என்றார்.

ஆக இத்தனை வருஷம் முட்டைக் கணக்கு எழுதிய கை, இனி இந்தக் கணக்கு எழுத வேண்டும். சிரிப்பாக இருக்கிறது. சிரிக்கவில்லை.

9 டிசம்பர், திங்கள்

தெளிந்துவிட்டார். கை அடிப்பது நின்றது. இரவில் தூங்குகிறார். காலையில் செய்தித்தாளை முழுக்கப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போய்க் குழாய்க்காரனைப் போனிலேயே வறுத்தெடுத்தார். குழாய் இன்றைக்கே சரியாகிவிட்டது. குணசீலன் முகத்தில் அப்பா வந்துவிட்டார் என்கிற நிம்மதி. யுவஸ்ரீ சாமிக்கு விளக்குப் போட்டாள்.

சாயங்காலம் கூடத்திலிருந்து குரல் வந்தது. “இந்தா. தண்ணி.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். மனுஷன் பிழைத்திருக்கிறார், இதைவிட என்ன வேண்டும்? ஆனால் யாரோ ஒருத்தர் ஊருக்கு வந்து மூன்று வாரம் தங்கி, சொல்லாமல் கிளம்பிப் போன மாதிரி இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் எனக்கும் அம்மோனியா ஏறிவிட்டது என்பார்கள்.

12 டிசம்பர், வியாழன்

நாமக்கல்லில் கல்யாணம், நெருங்கிய சொந்தம். போகாமல் இருக்க முடியாது. நேற்றுச் சாயங்காலமே சிரப் வேண்டாம் என்றுவிட்டார். மண்டபத்தில் பந்தியை விட்டுவிட்டு நாலு பேர் பார்க்க ஓட முடியுமா என்றார். நியாயமாகத்தான் பட்டது. இன்றும் கொடுக்கவில்லை. வந்து படுத்ததும் கொடுத்தால் போயிற்று.

திரும்பும் வழியில், காரில், என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “காலு வலிக்குதா, சௌந்திரம்?”

13 டிசம்பர், வெள்ளி

உள்ளதை எழுதிவிடுகிறேன்.

காலையில் பாட்டிலை எடுத்தேன். “இன்னிக்கு ஒரு நாளு வேண்டாமே” என்றார். குழந்தை மாதிரிக் கேட்கவில்லை. புது மாப்பிள்ளை மாதிரிக் கேட்டார். நான் மூடியைத் திருகி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மறந்துபோகவில்லை. எனக்குத் தெரிந்தேதான் வைத்தேன்.

குணசீலனும் யுவஸ்ரீயும் திருச்செங்கோடு போயிருந்தார்கள். வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். பாலக்காட்டில் மழைக்கு ஒதுங்கின கடை, அங்கே எனக்கு வாங்கிக் கொடுத்த நேந்திரம்பழ வறுவல், அதை மடியில் கட்டிக்கொண்டே நான் தூங்கிப்போனது. எனக்குத் தெரியாமலே போன ஒன்றைச் சொன்னார். நான் தூங்கும்போது தலை ஜன்னல் கம்பியில் இடிக்குமே என்று ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்துக்கொண்டே பெருந்துறை வரைக்கும் வந்தாராம். “கியர் மாத்தறப்ப மட்டும் எடுப்பேன்” என்றார்.

நாற்பது வருஷம் கழித்து ஒருத்தி தன் தலைக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்ததைத் தெரிந்துகொள்கிறாள். ராத்திரி மருந்தும் கொடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் கண்டிப்பாகக் கொடுத்துவிடுவேன்.

14 டிசம்பர், சனி

ஆஸ்பத்திரி. சேலம். உள்ளே விட மாட்டேங்கறாங்க.

விடிஞ்சு பாத்தா கட்டில்ல இல்ல. முட்டை வேன்ல உக்காந்திருந்தாரு. டிரைவர் சீட்டுல, நனஞ்சு போயி. சாவி இல்லாத வண்டி. ஸ்டீயரிங்கைப் புடிச்சிட்டு. நான் கதவைத் திறந்தேன். என்னைப் பாத்தாரு. பாத்துட்டு —

“சௌந்திரம் ஏறிட்டாளா?” ங்கறாரு.

நாந்தானுங்க, நாந்தானுங்க சௌந்திரம்னு கையப் புடிச்சேன். கைய உருவிக்கிட்டாரு. எவ்வளவு மரியாதையா — “நீங்க யாருங்க?”

அப்படியே கண்ணு சொருகிருச்சு.

15 டிசம்பர், ஞாயிறு

கண் திறக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் அதே சிரப்பை ஊற்றுகிறார்கள்.

டாக்டரம்மா வந்தார். மருந்து தவறியதா என்று கேட்டார். குணசீலன், கல்யாணத்துக்குப் போனதில் ஒரு நாள், என்று ஆரம்பித்தான். இல்லை, அதற்கு அப்புறமும் நான்தான் கொடுக்கவில்லை என்றேன். மறந்துவிட்டீர்களா என்றார். மறக்கவில்லை என்றேன். குணசீலன் என்னைப் பார்த்தான். திரும்பி வராந்தாவுக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை.

அவர் நினைவில் இருந்த சௌந்திரத்துக்கு இருபது வயது. அவளைப் பற்றிக் கேட்கத்தான் நான் மருந்தை நிறுத்தினேன். கடைசியில் அவர் அவளோடு போய்விட்டார், என்னை யாரென்று கேட்டுவிட்டு. அந்தச் சிறுக்கி மேல் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது. வெட்கம் கெட்ட வயசு.

பேச வேண்டாம். இனிமேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம். ‘இந்தா’ என்று கூடச் சொல்ல வேண்டாம். கண்ணை முழித்தால் போதும்.

17 டிசம்பர், செவ்வாய்

கண் திறந்தார். தண்ணீர் கேட்டார்.

22 டிசம்பர், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். எலும்பும் தோலுமாக இருக்கிறார், ஆனால் புத்தி தெளிவு. மார்கழிக் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தீவன மூட்டை வந்ததா என்று கேட்கிறார்.

டாக்டரம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை? நாம் எங்கே இருக்கிறோம்? நான் யார்? அப்புறம் கையை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். பதில் பிசகினாலோ, கை அடித்தாலோ, தூக்கம் கெட்டாலோ உடனே போன். என்னிடமே கொடுத்தாரே அந்த வேலையை, அதற்காகவே அவர் காலில் விழலாம்.

23 டிசம்பர், திங்கள்

“இன்னைக்கு என்ன கெழமைங்க?”

“திங்கள்.”

“எங்க இருக்கறோம்?”

“ஊட்லதான். எங்க இருப்பாங்க?”

“நான் யாருங்க?”

முறைத்தார். “குணசீலனோட அம்மா” என்றார். பெயர் சொல்ல வேண்டும் என்றேன். கதவுப் பக்கம் பார்த்தார். மருமகள் அங்கே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெயருக்குப் பதிலாகக் கையை நீட்டினார், ஆடவில்லை. பாஸ் போட்டுவிட்டேன்.

26 டிசம்பர், வியாழன்

காலையில் நான் இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் யுவஸ்ரீ முட்டை எண்ணப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போகிறாள். அந்த நேரத்தில் எண்ணுவதற்கு முட்டையே கிடையாது, பத்து மணிக்கு மேல்தான் எடுப்பார்கள். கெட்டிக்காரி.

“நான் யாருங்க?”

“சௌந்திரம்.” செக்போஸ்ட்டில் பெர்மிட்டைக் காட்டுகிற தோரணை. போதும்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டார். “அன்னைக்கெல்லாம் நான் என்ன பேசுனேன்?” என்றார். ஒன்றும் நினைவில் இல்லையாம், கல்யாணப் பந்தி வரைக்கும்தான் இருக்கிறதாம்.

சொன்னேன். பெருந்துறை வரைக்கும் கை வைத்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அது நடந்ததா, இல்லை நோவு சொல்ல வைத்ததா என்று கேட்டேன். “நடந்ததுதான்” என்றார்.

அப்புறம் இதையும் சொன்னேன். அன்றைக்கு மருந்தை வேண்டும் என்றேதான் கொடுக்கவில்லை, நீங்க பேசினீங்க, அதுக்காக. திட்டுவார் என்று காத்திருந்தேன். கையெடுத்து அடித்தாலும் தகும் என்றிருந்தது. மப்ளரைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்து ஷெட்டுக்குப் போனார். மத்தியானம் சிரப்பை அவராகவே எடுத்துக் குடித்துவிட்டார்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். குணசீலன் ஒரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் என் முகம் பார்த்துப் பேசினான். “நெய்யி பத்துமா, அம்மா?” என்றான். பத்தும் சாமி என்றேன். பண்டிகை என்றால் இதுதான்.

இவர் இலை முன்னால் உட்கார்ந்தார். விரலால் இலையைத் தட்டியே இரண்டு தடவை பொங்கல் கேட்டார். ஒரு தடவைக்கு மேல் கிடையாது என்றேன். எனக்கு இப்போது இந்த மௌனத்தைப் பார்த்தால் பயம் இல்லை. பேச்சைக் கேட்டால்தான் பயம்.

23 ஜனவரி, வியாழன்

இப்போதெல்லாம் நானே பேசுகிறேன். கேள்வியெல்லாம் முடிந்ததும், சிரப் இறங்கும் வரைக்கும், எதையாவது. பேத்தியின் மார்க், வள்ளியாத்தாள் அண்ணியாரின் முழங்கால், சாயங்காலக் குழம்பு. பதில் வருவதில்லை. எழுந்து போவதும் இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே விழித்திருந்தார். கண்ணைப் பார்த்தால் இப்போதுதான் விழித்த கண்ணாக இல்லை. தூக்கம் கெடுவதுதான் முதல் அறிகுறி என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே. மலச்சிக்கலா? நேற்றுக் கணக்குச் சரியாகத்தானே இருந்தது?

“என்ன கெழமைங்க?”

“ஞாயிறு.”

“எங்க இருக்கறோம்?”

“ஊட்ல.”

“நான் யாருங்க?”

உடனே சொல்லவில்லை. போன் எங்கே வைத்தேன் என்று தேடினேன். “ராத்திரி தூங்கினீங்களா இல்லையா? எப்ப முழிச்சீங்க?” என்று அதட்டினேன்.

“தூங்குனேன். வெள்ளனே முழிச்சுக்கறேன் இப்பெல்லாம்.”

“ஏன்? என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல. நீ வந்து கேப்பீன்னு படுத்திருக்கறேன், சௌந்திரம்.”

நம்பவில்லை. கையை நீட்டச் சொன்னேன். லாரியை நிறுத்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி, விரலை விரித்து, உள்ளங்கையைத் தூக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யுவஸ்ரீ ஷெட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள், அப்போதும் அவர் கையை இறக்கவில்லை.

ஆடவே இல்லை.